சாய்ஸ் லிஸ்ட்டுக்கு முன் வீட்டுக் கணக்கு: நாமக்கல் குடும்பம் ஒன்றின் பொறியியல் சேர்க்கை குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு, 2024-25 கல்வியாண்டுக்கான தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் பங்கேற்ற ஒரு மாணவியையும் அவருடைய பெற்றோரையும் பற்றியது. நாமக்கல் வட்டாரத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் தந்தை வெல்டராக வேலை செய்கிறார். தாய் வீட்டில் தையல் மிஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுக்கிறார். இருவரில் எவரும் கல்லூரிக்குப் போனவரல்லர். பிளஸ் டூ மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பிலிருக்கும் ஆசிரியர் என்ற முறையில், தேர்வு முடிவு வருவதற்கு முன்பிருந்து விடுதியில் சேர்த்துவிட்டு வந்தது வரை இக்குடும்பத்துடன் நான் தொடர்ந்து பேசி வந்தேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்து, அவர்களுடைய சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். இக்குடும்பத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிள்ளைக்குக் கல்லூரி தேடும் வேலையில் பெற்றோர் எதைச் செய்ய வேண்டும், எதைப் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும் என்ற கேள்விக்கு, படித்த பெற்றோர் பலரிடம் காணாத தெளிவான விடையை இவர்களிடம் கண்டேன்.

சேர்க்கை முறை மாறியதும் பெற்றோரின் வேலை மாறியதும்

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ரத்தானது. அதன் பின் பொறியியல் இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்தே நிரப்பப்படுகின்றன. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனச் சுருக்கி 200-க்குக் கணக்கிடும் கட் ஆஃப் மதிப்பெண்தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. 2018-ஆம் ஆண்டில் கவுன்சலிங் இணையவழிக்கு மாறியபோது குடும்பத்துக்குள் என்ன மாறியது என்பதைப் பற்றித்தான் போதுமான அளவு பேசப்படவில்லை.

அதற்கு முன்பு மாணவரும் பெற்றோரில் ஒருவரும் சென்னைக்குப் பயணம் செய்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் தங்கள் முறை வரும்வரை காத்திருந்து, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதமிருக்கிறது என்பதைத் திரையில் கண்ணால் பார்த்து, அந்த இடத்திலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திரும்புவார்கள். நேரம் குறைவாக இருந்தாலும், எதிரே இருந்தது உறுதியான காலியிடம். இப்போது மாணவர் வீட்டில் அமர்ந்தபடி, தமக்கு வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் சேர்த்து வரிசையாகப் பதிவு செய்கிறார். அதற்கு மூன்று நாள் அவகாசம் கிடைக்கிறது. எத்தனை வரி வேண்டுமானாலும் சேர்க்கலாம். கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவரையும் எடுத்துக்கொண்டு, அவருடைய பட்டியலில் மேலிருந்து கீழாக வந்து, முதலில் எந்த வரியில் இடம் இருக்கிறதோ அதைத் தற்காலிகமாக ஒதுக்குகிறது. தனக்கு எது கிடைக்கும் என்று தெரியாமலே, எதை எதைவிட விரும்புகிறோம் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். முன்பு முடிவு கவுன்சலிங் அரங்கில் நடந்தது. இன்று அது வீட்டுக் கூடத்தில், அப்பா, அம்மா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் இருக்கும்போது நடக்கிறது.

இந்த முறையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எட்டாத கல்லூரியை மேலே போட்டால் கீழே இருக்கும் கல்லூரியும் கைவிட்டுப் போகும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். உண்மையில் முதல் வரியில் இடமில்லையென்றால் கணினி இரண்டாம் வரிக்கு வருமே தவிர, அதற்காக எந்தத் தண்டனையும் இல்லை. மாறாக, பாதுகாப்புக்காக ஒரு சுமாரான கல்லூரியை மேலே வைத்தால், அதைவிட நல்ல இடம் கிடைக்கக்கூடிய மதிப்பெண் இருந்தும் அந்தச் சுமாரான இடமே ஒதுக்கப்படும். பிள்ளையின் நன்மைக்கென்று அச்சத்தில் செய்யும் காரியம் பிள்ளைக்கே கேடாக முடிவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

மாணவியின் நிலை

2024 மே 6 அன்று பிளஸ் டூ முடிவுகள் வெளியாயின. மாணவி கணிதத்தில் 88, இயற்பியலில் 92, வேதியியலில் 86 பெற்றிருந்தார். கட் ஆஃப் 177. பிற்படுத்தப்பட்டோர் பிரிவு. பெரிய பெயர் கொண்ட கல்லூரிகளின் புகழ்பெற்ற பிரிவுகளுக்கு இது போதாது. ஆனால் அரசுக் கல்லூரிகளை அடியோடு மறந்துவிட வேண்டிய மதிப்பெண்ணும் அன்று. இப்படி நடுவில் நிற்கும் மதிப்பெண்தான் குடும்பத்தை அதிகம் சோதிக்கும். 195 எடுத்த பிள்ளைக்கு எங்கே போவது என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். 177-க்கு ஒவ்வொரு வரியையும் யோசித்தாக வேண்டும்.

அவருக்கு விருப்பம் மின்னியல் பிரிவில் இருந்தது. விடுமுறை நாட்களில் தந்தைக்குச் சாப்பாடு எடுத்துச் சென்றவர், பட்டறையில் லாரிக்கு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் அருகில் நின்று வேடிக்கை பார்த்து, எந்த வயர் எந்த விளக்குக்குப் போகிறது என்பதை நோட்டில் வரைந்து வைத்திருந்தார். ஆசிரியருக்குக் காட்டுவதற்காக அன்றி, தனக்குப் புரிய வேண்டுமென்பதற்காக வரைந்த படம் அது. அந்த நோட்டை நான் பார்த்தபோது, இந்தப் பிள்ளையின் விருப்பம் யாரோ சொல்லிக் கேட்டு வந்ததல்ல என்று எனக்கு உறுதியானது.

முதல் அடி மதிப்பெண்ணில் விழவில்லை, சலுகையில் விழுந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடம் வழங்கும் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இந்த மாணவி பத்தாம் வகுப்பு வரை ஊர் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்கு அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்ந்தார். 'அங்கே நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள்' என்று உறவினர் சொன்னதைக் கேட்டுச் செய்த மாற்றம். கற்பித்தலில் அது பயன் தந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் நான்காண்டுக் கட்டணமில்லாக் கல்விக்கான வாய்ப்பு போய்விட்டது. அப்படியொரு விதி இருப்பதைப் பத்தாம் வகுப்பின் இறுதியில் அந்தத் தாய்தந்தையிடம் யாரும் சொல்லவில்லை. கல்லூரிக்கான வழிகாட்டல் பிளஸ் டூவில் தொடங்கினால் போதும் என்ற வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட வலுவான காரணம் தெரியவில்லை.

முன்பணம் கேட்ட புரோக்கர்

பொதுத் தேர்வு முடிந்த சில நாட்களிலேயே, ஒரு தனியார் கல்லூரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இடைத்தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். முடிவு வருவதற்கு முன்பே சீட்டை உறுதி செய்தால் கட்டணத்தில் பாதி ஸ்காலர்ஷிப் என்றும், மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் கவலையில்லை என்றும் கூறி, 5,000 ரூபாய் முன்பணமும் பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழும் கேட்டார். தந்தை பணத்தைக் கொடுத்துவிட்டார். சான்றிதழைக் கொடுக்கத் தாய் மறுத்துவிட்டார். 'பணம் போனா சம்பாதிச்சுக்கலாங்க, பிள்ளையோட சர்ட்டிபிகேட் போனா யார்கிட்டப் போய் நிக்கறது' என்று அவர் சொன்னதாகத் தந்தையே பின்னர் என்னிடம் தெரிவித்தார்.

அந்த மறுப்புதான் குடும்பத்தைக் காப்பாற்றியது. கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாக வேண்டும். ஆனால் சான்றிதழ் கல்லூரிக்கே போய்ச் சேராமல் ஒரு தனிமனிதரின் பையில் இருக்கும்போது, அந்த விதியை எவரிடம் காட்டுவது? கொடுத்த ரசீதில் கல்லூரி முத்திரை இல்லை. 5,000 ரூபாய் திரும்பவில்லை. முடிவு வருவதற்கு முன் இப்படி முன்பணம் கொடுப்பதற்கு ஏமாளித்தனம் காரணமென்று நான் கருதவில்லை. பிள்ளைக்கு இடமே கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதைப்பே காரணம். அந்த ஆண்டு 430-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் பங்கேற்ற கவுன்சலிங்கில், தேர்ச்சி பெற்ற மாணவருக்கு ஏதோ ஓர் இடம் நிச்சயம் உண்டு என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், அந்தப் பதைப்பு இருந்திருக்காது.

கணக்கு நோட்டு

இந்த நிகழ்வின் திருப்பம், எனக்குத் தெரிந்தவரை, மே மாத இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதுவரை தந்தை மகளிடம் 'நீ படி கண்ணு, பணத்தைப் பத்தி நீ கவலப்படாத' என்று மட்டுமே சொல்லி வந்திருந்தார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அதன் விளைவு வேறு. பணம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாததால், மகள் இருவேறு எல்லைகளில் ஊசலாடினார். ஒரு நாள் சென்னையில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் 'வேண்டாம், பக்கத்துல பிஎஸ்சி சேந்துக்கறேன்' என்பார். செலவைப் பற்றி அவருக்கு இருந்தது அச்சம் மட்டும், கணக்கு இல்லை.

அந்த ஞாயிறு அன்று, தாய் துணி அளவு எழுதும் நீள நோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து, மூவரும் அமர்ந்து எழுதினார்கள். வாரச் சம்பளம், தையல் வருமானம், வீட்டு வாடகை, நகைக்கடன் வட்டி, தம்பியின் செலவு, சீட்டுப் பணம் எனத் தந்தை ஒவ்வொன்றாகச் சொல்ல, மகள் எழுதினார். நகை அடகில் இருப்பது மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சற்று நேரம் யாரும் பேசவில்லை என்று தாய் கூறினார். பிறகு மகள் கேட்டது இது: 'அப்பா, மாசம் எவ்வளவு எனக்குன்னு எடுத்து வைக்க முடியும்னு மட்டும் சொல்லுங்க, மீதிய நான் பாக்கறேன்.'

அந்தத் தொகை கிடைத்த பின் எங்கள் பேச்சு முழுவதும் மாறிவிட்டது. சுயநிதிக் கல்லூரிகளில் கவுன்சலிங் மூலம் சேருவோருக்கான ஆண்டுக் கட்டணத்தை, 2017-இல் கட்டண நிர்ணயக் குழு 50,000 ரூபாய் என்றும், தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கு 55,000 ரூபாய் என்றும் நிர்ணயித்தது. பெற்றோர் பலர் இந்தத் தொகையோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம், சீருடை, ஆய்வகப் பதிவேடுகள், லேப்டாப், பயிற்சி என்ற பெயரில் வசூலிக்கப்படும் தொகை ஆகியவை இதற்கு மேல் வரும். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் தூரமாக இருந்தால் விடுதியும் மெஸ் பில்லும் சேரும். ஒவ்வொரு கல்லூரிக்கும் இந்த வரிகளை எழுதி, நான்காண்டுக்குப் பெருக்கிப் பார்த்தபோது, பக்கத்துத் தனியார் கல்லூரிக்குத் தினமும் பேருந்தில் போய் வருவதைவிட, தூரத்து அரசுக் கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பதற்குக் குறைவாகவே ஆகும் என்று தெரிந்தது. 'வீட்டுல இருந்து போனா செலவு மிச்சம்' என்று அதுவரை எல்லாரும் நம்பியிருந்தனர்.

முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் நடைமுறையில் உள்ளது; அது ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் எனப்படும் இந்த அரசு கவுன்சலிங் வழியே சேர்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும், கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பொருந்தாது. புரோக்கர் சொன்ன 'பாதி ஸ்காலர்ஷிப்' உண்மையாகவே கிடைத்திருந்தாலும், அதற்காக இந்தச் சலுகையை இழந்திருப்பார்கள். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் விரிவாக்கப்படும் என்ற செய்தியையும் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். ஆனால் கைக்கு வராத பணத்தை வரவில் எழுத வேண்டாம் என்று தாய் உறுதியாக இருந்தார். கல்விக் கடனைப் பற்றித் தந்தைக்கு இருந்த அச்சமும் அன்றே பேசப்பட்டது. 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை என்பதையும், படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதையும், ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் என்பதையும் விளக்கினேன். கடன் வேண்டாமென்றே முடிவு செய்தார்கள். அது தெரிந்து எடுத்த முடிவு என்பதால் அதை நான் மறுக்கவில்லை.

தந்தை ஆய்வகத்தைப் பார்த்த விதம்

கல்லூரி விசாரணையில் பெற்றோருக்குப் படிப்பு இல்லையே என்று இவர்கள் தயங்கினார்கள். நான் கண்டது நேர்மாறானது. ஜூன் மாதத்தில் தந்தையும் மகளும் அருகிலுள்ள சில கல்லூரிகளை நேரில் பார்க்கச் சென்றபோது, வரவேற்பறையில் தந்த வண்ணப் புத்தகத்தைத் தந்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, பட்டறையையும் எந்திர ஆய்வகத்தையும் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஒரு கல்லூரியில் இரும்பைக் கடையும் லேத் எந்திரங்கள் வரிசையாக, பெயின்ட் மின்ன நின்றன. அவர் குனிந்து படுகையைத் தடவிப் பார்த்துவிட்டு, கீழே இரும்புச் சீவல் ஒன்றுகூட இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, இரும்பைப் பிடிக்கும் சக் தாடைகளில் தேய்மானமே இல்லை என்று மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். ஓடாத எந்திரம் என்பது அவர் முடிவு. இன்னொரு கல்லூரியில் எந்திரங்கள் பழையவை, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஆனால் மோட்டார்களின் இணைப்பு முனைகள் கழற்றி மாட்டியதில் பளபளத்தன. ஆய்வக உதவியாளரிடம் 'ஒரு மோட்டாருக்கு எத்தனை பசங்க சேர்ந்து செய்வாங்க?' என்று கேட்டார். நாலு பேர் என்று பதில் வந்தது. அதே கேள்விக்கு முந்தைய கல்லூரியில் 'டெமோ காட்டுவோம்' என்று சொல்லியிருந்தார்கள்.

எந்தத் தரவரிசைப் பட்டியலும் தராத செய்தி அது. தம் தொழில் வழியே தமக்குத் தெரிந்ததை வைத்துக் கல்லூரியை எடைபோடும் உரிமை பெற்றோருக்கு உண்டு. தாயும் அப்படியே. விடுதியைப் பார்க்கப் போனவர் வார்டனிடம் பேசுவதோடு நிற்காமல், அங்கிருந்த மாணவியரிடம் கோடையில் தண்ணீர் வருமா, இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள், படிக்கும் நேரம் எது என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

எழுத்தில் கிடைக்கும் தகவலை மகள் தேடினார். இரண்டு இடங்களை மட்டும் அவருக்குக் காட்டினேன். முதலாவது, தேசியத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் மத்திய அரசிடம் தாக்கல் செய்யும் விவரங்கள். இதில் பங்கேற்கும் கல்லூரி தன் இணையதளத்திலும் அதை வெளியிட்டிருக்கும். குறித்த காலத்தில் பட்டம் முடித்தோர் எத்தனை பேர், வேலை பெற்றோர் எத்தனை பேர், உயர்கல்விக்குப் போனோர் எத்தனை பேர், வேலை பெற்றவர்களின் நடுமதிப்புச் சம்பளம் எவ்வளவு என்பவை அதில் வரிசையாக இருக்கும். விளம்பரப் பலகையில் எழுதப்படும் உச்சச் சம்பளம் ஒரே ஒருவருக்குக் கிடைத்ததாக இருக்கலாம். நடுமதிப்போ பாதிப் பேருக்கு அதற்கு மேலும் பாதிப் பேருக்கு அதற்குக் கீழும் கிடைத்த சம்பளத்தைக் காட்டும். இரண்டாவது, இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பருவந்தோறும் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் பட்டியல். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகள் தம் தேர்வைத் தாமே நடத்துவதால், அவற்றின் தேர்ச்சி விழுக்காட்டை மற்றக் கல்லூரிகளோடு நேரடியாக ஒப்பிட முடியாது. 'ஆட்டானமஸ் காலேஜ், நூத்துக்குத் தொண்ணூறு பாஸ்' என்று கேட்டவுடன் நெகிழ்ந்துவிடும் பெற்றோரிடம் இதை நான் தவறாமல் சொல்கிறேன்.

மாமாவின் வாதம்

சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் தாய்மாமன், எந்தக் கல்லூரியானாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று வலியுறுத்தினார். இவரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்குவது நியாயமாகாது. குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள். தன் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறார். ஆனால் அவர் படித்த காலத்துக்கும் இப்போதைக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஒரு பாடப்பிரிவில் கல்லூரிகள் சேர்க்கக்கூடிய மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 2024-25 முதல் நீக்கியதால், கணினி சார்ந்த பிரிவுகளில் இடங்கள் பெருகின. இடம் பெருகும் வேகத்தில் நல்ல ஆசிரியர்கள் பெருகுவதில்லை. மென்பொருள் நிறுவனங்கள் பல, மின்னியல், மின்னணுவியல் மாணவர்களையும் வேலைக்கு எடுக்கின்றன என்பதை மாமாவே ஒப்புக்கொண்டார். அவருடைய குழுவிலேயே அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். இறுதியில், நல்ல ஆசிரியர் இருக்கும் அரசுக் கல்லூரியில் கணினி அறிவியல் கிடைத்தால் எடுப்பது, போய்ப் பார்க்காத தனியார் கல்லூரியில் அதற்காக மட்டும் சேர்வதில்லை என்று மாணவி தானே ஒரு வரையறை வைத்தார். மாமா அதை ஏற்றுக்கொண்டார்.

பட்டியல்

தரவரிசை ஜூலையில் வெளியானது. மாணவிக்கு ஆகஸ்ட் மாதம் நடந்த இரண்டாம் சுற்றில் வாய்ப்பு வந்தது. சாய்ஸ் ஃபில்லிங் எனப்படும் விருப்பப் பதிவு தொடங்குவதற்கு முன்பே, முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு இனப்பிரிவுக்கும் கடைசியாக இடம் கிடைத்த கட் ஆஃப் விவரத்தை வைத்து, ஒரு தாளில் வரைவுப் பட்டியல் எழுதினார்.

அப்போது ஒரு விதியை நான் முன்வைத்தேன், பெற்றோர் ஏற்றார்கள். பட்டியலிலிருந்து எந்த வரியையும் பெற்றோர் அடிக்கலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணம் பணமாகவோ பாதுகாப்பாகவோ நேரில் பார்த்ததாகவோ இருக்க வேண்டும். வரிசையை மட்டும் அவர்கள் மாற்றக் கூடாது. எந்த வரி கிடைத்தாலும் குடும்பத்தால் தாங்க முடியும் என்பதற்குப் பெற்றோர் பொறுப்பு. எது எதற்கு மேல் என்பதற்கு, அங்கே நான்காண்டு அமரப்போகும் பிள்ளை பொறுப்பு.

தந்தை அடித்தவற்றில் அந்த மின்னும் லேத்துகள் கொண்ட கல்லூரியும் ஒன்று. தாய் ஒரு விடுதிக்காக ஒரு வரியை அடித்தார். நிகர்நிலைப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை மகளே கணக்கு நோட்டைப் பார்த்துக் கைவிட்டிருந்தார். மீதமிருந்தவற்றில் முதல் வரிகளில் கிண்டி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற எட்டாத இடங்களை அவர் வைத்தபோது தந்தை பதறினார். வீட்டு வாசலுக்கே பேருந்து வரும் ஒரு கல்லூரியை முதலில் வைக்க வேண்டுமென்று கேட்டார். கணினி எப்படி ஒதுக்குகிறது என்பதை அவருக்குத் தாளில் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினேன். மேலே எழுதியவை கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கு எந்தக் குறையும் வராது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, 'அப்பச் சரிங்க, பிள்ள போட்டபடியே இருக்கட்டும்' என்றார். எட்டாத இடங்களுக்கு அடுத்து சேலம், ஈரோடு, பர்கூர், தர்மபுரி அரசுப் பொறியியல் கல்லூரிகள். அவற்றில் மின்னியல், மின்னணுவியல், கணினி அறிவியல் ஆகியவை அவர் விரும்பிய வரிசையில். அதன் பிறகுதான் அவர்கள் நேரில் பார்த்து ஏற்ற தனியார் கல்லூரிகள். மொத்தம் 41 வரிகள்.

தற்காலிக ஒதுக்கீட்டில், விடுதியில் தங்கியே படிக்க வேண்டிய தூரத்தில் உள்ள அரசுக் கல்லூரியில் மின்னியல் கிடைத்தது. ஒதுக்கீடு வந்தவுடன் ஏற்றுக்கொண்டு சேரலாம், ஏற்றுக்கொண்டபடி மேல் வரிகளுக்குக் காத்திருக்கலாம், மறுத்துவிட்டுக் காத்திருக்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்லது வெளியேறலாம். மாணவி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். மேலே எதுவும் நகரவில்லை. கிடைத்த இடமே உறுதியானது. பேருந்து வாசலுக்கு வரும் கல்லூரியை முதலில் வைத்திருந்தால், அதுவே ஒதுக்கப்பட்டிருக்கும். அதற்கான கட் ஆஃப் அவரிடம் தாராளமாக இருந்தது.

சேர்வதற்கு முந்தைய வாரங்கள்

சான்றிதழ் வேலை முழுவதையும் தாய் ஏற்றார். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தார். மே மாதக் கடைசியில் அங்கே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

மாணவியின் உண்மையான தயாரிப்பு மொழியில் நடந்தது. தமிழ் வழியில் படித்தவர் அவர். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ் வழிப் பொறியியலைச் சிவிலிலும் மெக்கானிக்கலிலும்தான் தொடங்கியது. மின்னியலை ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும். ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் பணம் கட்டுவதற்குப் பதிலாக, பாடநூல் கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் ஆங்கில வழி இயற்பியல், கணிதப் புத்தகங்களை இறக்கிக்கொள்ளச் சொன்னேன். தமிழ்ப் புத்தகமும் ஆங்கிலப் புத்தகமும் ஒரே பாடம், ஒரே படம், ஒரே கணக்கு. மின்னியல் அலகை முதலில் தமிழில் ஒரு பக்கம், அதையே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் என்று படித்தார். பாடம் ஏற்கெனவே தெரியும் என்பதால், ஆங்கிலம் மட்டுமே புதிது. தாய் மாலையில் தைத்துக்கொண்டிருக்கும்போது, மகள் ஆங்கிலப் பக்கத்தை வாய்விட்டுப் படித்து, அதன் பொருளைத் தமிழில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்பது அந்த வீட்டின் ஏற்பாடு. பாடம் புரியாத அம்மாவுக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டியிருந்ததால், மகள் மனப்பாடம் செய்து தப்பிக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த எந்தப் பயிற்சி மையமும் இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது.

முதல் பருவத்தில் ஒரு தாளில் அவர் தோல்வியடைந்தார். இரண்டாம் பருவத்தில் எழுதித் தேறினார். தந்தை அதற்காகக் கோபிக்கவில்லை, எந்தத் தாள் என்று மட்டும் கேட்டார். சேர்க்கைக் காலத்தில் தொடங்கிய வழக்கப்படி, மெஸ் பில்லும் தேர்வுக் கட்டணமும் இன்றும் மாதந்தோறும் அந்த நீள நோட்டில் ஏறுகின்றன. விடுமுறைக்கு வரும்போது மகள் கூட்டிப் பார்க்கிறார்.

தம்பி இப்போது ஊர் அரசுப் பள்ளியில் படிக்கிறான். அக்காள் பயன்படுத்திய முதல் பட்டதாரிச் சலுகை அவனுக்குக் கிடைக்காது. ஆகவே பிளஸ் டூ வரை அவனை அரசுப் பள்ளியிலிருந்து மாற்றுவதில்லை என்று பெற்றோர் முடிவெடுத்திருக்கிறார்கள். இந்த முறை எந்த உறவினர் யோசனை சொன்னாலும் 7.5 விழுக்காட்டு விதியை எடுத்துச் சொல்லித் தாயே பதிலளிக்கிறார். அவன் வகுப்பில் படிக்கும் மற்ற மூன்று பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் அவர் அதைச் சொல்லியிருக்கிறார்.